நெத்திலி மூட்டையில் ஒரு சினைக்குதிரை

கடலை நான் முதன்முதலில் ஒரு கோணிப்பைக்குள்தான் பார்த்தேன். கெலமங்கலம் சந்தையில் என் அத்தை கருவாடு விற்றாள். எங்கள் பக்கம் ஏரி உண்டு, கிணறு உண்டு; கடல் என்றால் உப்புக்கும் கருவாட்டுக்கும் சொந்த ஊர், அவ்வளவுதான் தெரியும். அத்தையே கடலைப் பார்த்ததில்லை. ஆனால் யாராவது மீன் எப்படி என்று கேட்டால், நேற்றுத்தான் அதோடு சேர்ந்து குளித்துவிட்டு வந்தவள்போலப் பேசுவாள்.

அன்று அப்பா என்னை அவளிடம் விட்டுவிட்டுப் போக வந்திருந்தார். முந்தின மாதம்தான் அம்மா பிரசவத்தில் இறந்துபோனாள். வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. ஆம்பளை தனியாகப் பொட்டைப் பிள்ளையை வளர்க்க முடியாது, இனி நான் அத்தை வீட்டில்தான் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். என் பாவாடை சட்டையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

அழாமல் இருக்கட்டும் என்று அத்தை எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். நெத்திலி மூட்டை வந்தால் முறத்தில் கொட்டி, கூட வந்த கழிசலைப் பொறுக்கி எறிந்த பிறகுதான் கூறு கட்டுவார்கள். வலை போட்டவனுக்கு நெத்திலிதான் வேண்டும். கடலோ கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். முறத்தைப் பார்த்ததும் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைப் பித்தான் அளவில் ஒரு நண்டு, கால் ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்து கை விரித்த நட்சத்திரம். கண்ணாடியாகக் காய்ந்த குட்டிக் கணவாய். நகத்தைவிடச் சின்னதாக ஒரு சங்கு, அதற்குள்ளும் ஒருவர் குடியிருந்து செத்திருந்தார். எறியச் சொன்னதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டேன். கழிசலே இப்படியென்றால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் குதிரை வந்தது. விரல் நீளம். அப்பாவின் பண்ணையில் மாடுகளோடு பார்த்த குதிரையின் அதே முகம், அதே வளைந்த கழுத்து. காலே இல்லை, வாலைச் சுருட்டி வைத்திருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காமலே இருந்த அப்பாவிடம் அதை நீட்டினேன். பண்ணையில் பசுக்களுக்கு ஈற்றுப் பார்ப்பவர் அவர். வாங்கி, பசுவைப் பார்ப்பதுபோலவே அதன் வயிற்றைப் பெருவிரலால் தடவினார்.

“சினையா இருக்குது” என்றார்.

“செத்த மீனுக்கு மாசம் பாக்கறான் பாரு” என்று அத்தை சிரித்தாள். “எப்ப ஈனும்னும் சொல்லுடா, சீம்பாலுக்குச் சொம்பு எடுத்தாறேன்.”

அப்பா சிரிக்கவில்லை. நகத்தால் வயிற்றை மெல்லக் கீறினார். உள்ளேயிருந்து கசகசா மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தன. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குதிரை. முகம், சுருண்ட வால், கருப்புப் புள்ளியாகக் கண். பக்கத்துக் கடை வெங்காயக்காரர் எட்டிப் பார்த்து, கன்னடத்தில் ஏதோ சாமி பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பாவம், தாயும் புள்ளைங்களும் ஒண்ணாப் போயிருக்குதுங்க” என்றாள் அத்தை. சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அப்பா குதிரையையும் குட்டிகளையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“ஏண்டா, புள்ளைக்குத் தலை சீவவாவது தெரியுமாடா உனக்கு?”

“கத்துக்கறேன்க்கா.”

கற்றுக்கொள்ளவில்லை. நான் பள்ளிக்கூடம் போன நாலு வருஷமும் என் ஜடை, மாடு கட்டும் கயிறு மாதிரிதான் இருந்தது. அறுந்தாலும் அவிழாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: “இந்தக் குட்டிங்களோட அப்பா எங்கப்பா?”

மூடிய கையைப் பார்த்தபடி, “கடல்ல தேடிக்கிட்டு இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், குழம்புக்கு உப்புப் போடும்போதுகூட, அந்தப் பெரிய தண்ணீரில் ஒரு குதிரை தனியாகத் தேடி அலைவது என் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஓசூரில் நெத்திலி பாக்கெட்டில் வருகிறது, தலை கிள்ளி, சுத்தமாக. நான் இன்னும் தட்டில் கொட்டித் துழாவுகிறேன். நண்டும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கடல்குதிரையே குறைந்துபோய்விட்டதாம், பிடித்தால் கேஸாம். கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்த பேரன்தான் சொன்னான், போனில் வீடியோவும் காட்டினான். பச்சைத் தண்ணீரில் ஒரு குதிரை, வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. வயிறு திறக்கிறது. முக்கி முக்கி, புகை விடுவதுபோலக் குட்டிகளைத் தண்ணீருக்குள் ஊதிவிடுகிறது. இன்னொரு தரம் போடச் சொன்னேன். நாலு தரம் போட்டான்.

“ஆயா, வயிறு இருக்கறது ஆம்பளைக்குத்தான். பொம்பள முட்டைய அது பையில வெச்சிட்டுப் போயிடும். சொமக்கறது, பெக்கறது எல்லாம் அப்பன்தான்.”

தேடுகிற குதிரை என்று கடலில் எதுவும் இருக்கவில்லை. அந்த அப்பன் அன்று பஸ்ஸில் எங்களோடுதான் வந்தது, என் அப்பாவின் மூடிய கைக்குள். மாட்டுச்சினை மட்டுமே பார்க்கத் தெரிந்த அவருக்கும் அது தெரியாது, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போன எனக்கும் தெரியாது.