பிரெஞ்சுச் சோதனைத் தாள்

ஆறாம் வகுப்பில் பிரெஞ்சுச் சோதனை ஒன்றில் ஒரு கேள்விக்கும் நான் விடை எழுதவில்லை. தாளின் மேலே, எனக்கு ஏற்கனவே ஆங்கிலம் தெரியும் என்று வடிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குறும்புக்காகச் செய்ததல்ல. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிக்கொரு மொழி இருந்தது. லிஃப்டுக்குள் வந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உலகம் முழுவதும் அடித்துப் பிடித்து ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கும்போது, அதைப் பேசியே வளர்ந்த நான் எதற்காக இன்னொரு மொழியோடு மல்லுக்கட்ட வேண்டும்? தமிழ் வீட்டோடு வந்தது. அதை நான் மொழிக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிரெஞ்சு ரீச்சர் பெற்றோரை அழைத்துவரும்படி கடிதம் தந்துவிட்டார்.

அம்மாவுக்கு அன்று வேலை. அப்பாதான் வருகிறார் என்றதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தமிழர்களோடு தமிழிலேயே வேலை செய்தவர் அவர். அவருடைய ஆங்கிலம் ‘ஓகே’, ‘தாங்க்யூ’ இரண்டோடு முடிந்துவிடும். டொக்டரிடமானாலும் வாடகை அலுவலகத்திலானாலும் அவருக்காகப் பேசுவது நான்தான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவருக்குச் செய்தி.

ரீச்சர் ஒன்ராறியோவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், ஆங்கிலம் தவிர வேறொன்றும் கேளாமல் வளர்ந்தவர். பெரியவரான பிறகு கியூபெக்கில் போயிருந்து பிரெஞ்சு படித்ததையும், முதல் மாதம் பேக்கரியில் பாண் கேட்டு வாங்கத் தெரியாமல் அழுததையும் வகுப்பில் சொல்லியிருக்கிறார். விரும்பி அழப் போனவர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் என் தாளை மேசையில் விரித்து, நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். நான் கெட்டிக்காரியாம், வேண்டுமென்றே படிக்காமல் இருக்கிறேனாம், வீட்டில் கவனிக்க வேண்டுமாம். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்பாவிடம் திரும்பினேன்.

“ரீச்சர் சொல்றா, என்ரை இங்கிலிஷ் நல்லாயிருக்காம். பிரெஞ்சை விட்டாலும் பரவாயில்லையாம்.”

அப்பா தலையாட்டினார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

“உதிலை சிவப்பு மையாலை என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?”

“உது சும்மா அப்பா, எல்லாருக்கும் எழுதுறது.”

அப்பா விரலை வைத்து, அந்த இரண்டு வரிகளையும் பிரெஞ்சில் வாசித்தார். சத்தமாக அல்ல, தனக்குத்தானே வாசிப்பதுபோல. ஆனால் தடக்காமல் வாசித்தார். ரீச்சரின் கண்கள் விரிந்தன. அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அப்பா பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. பொய் பிடிபட்டுவிட்டது என்பது ஒன்று. அப்பாவின் வாயிலிருந்து வேறு யாரோ பேசுகிறார் என்பது இன்னொன்று. கையை ஆட்டினார், சிரித்தார், ரீச்சரை இடைமறித்தார். வாடகை அலுவலகத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் அவரில்லை. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, யாராவது எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அப்பாவின் குரல் இறங்கியது. ‘மொன் ஃப்ரேர்’ என்று இரண்டு தரம் சொன்னார். வகுப்பில் என் காதில் விழுந்து தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டு சொற்களில் அதுவும் ஒன்று: என் சகோதரன். ரீச்சர் அப்பாவின் கைமேல் தன் கையை வைத்தார். வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள்.

கென்னடி வீதியில் நடந்து வரும்போது, ஏச்சு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். விழவில்லை.

“இனி ரீச்சர் சொல்றதைச் சரியாச் சொல்லவேணும்” என்று மட்டும் சொன்னார்.

எங்கே படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. தோற்றுப்போன கோபம் எனக்கு. அவருடைய பிரெஞ்சில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“அப்பா, நீங்கள் ஒண்டைப் பிழையாச் சொன்னனீங்கள். ஃப்ரேர் எண்டால் ஆம்பிளைச் சகோதரம். உங்களுக்குக் கூடப்பிறந்தது மாமி மட்டும்தானே?”

அப்பா என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஓம், பிள்ளை. பிழையாத்தான் சொல்லிப்போட்டன்.”

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அவரும் அப்பாவும் பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நான்கு வருடம் ஒன்றாகக் கோப்பை கழுவினார்கள். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அப்பா கனடாவுக்கு வந்தார்; ரீச்சரோடு பேசிய அந்த நாள்வரை அந்த மொழியை வாயில் எடுக்கவே இல்லை. இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா தன் பிழையை ஒப்புக்கொண்டார் என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு முன்னால் ஓடிப்போய் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.