கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் ஃபேக்டரி

ஷூ ஒட்டுகிற பசையின் வாசனை விசித்திரமானது. ஒரு நொடி கனிந்த வாழைப்பழம், அடுத்த நொடி பெட்ரோல். ஆம்பூரில் சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றால், பெண்களுக்கு முன்னால் அதுதான் இறங்கும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அந்த வாசனை என் வீட்டு வாசலில் நின்றது. எட்டு மாதம் கழித்து! பின்னாலேயே எதிர்வீட்டு ஸ்டெல்லா.

பதினாலு வருடம் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். ஆர்டர் இல்லையென்று எட்டு மாதத்துக்கு முன்பு அவள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். இப்போது ஒரு புதுக் கம்பெனியில் ட்ரையல் தைத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

"இன்னா ஸ்டெல்லா, வேலை கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சிண்ணா. ஆனா கெடைக்கல."

நான் எழுதுகிற வசன கவிதையே பரவாயில்லை என்று தோன்றியது.

விஷயம் இதுதான். தையலைப் பார்த்தவர்கள், "திங்கக்கிழமை வந்துடு" என்றார்களாம். ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டரைத் தட்டியவர்தான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார் — "நீங்க இன்னும் பழைய கம்பெனியிலதான் வேலை செய்றீங்க." பி.எஃப். கணக்கில் அவள் வேலையை விட்டுப்போன தேதி இல்லை. கேட்டைப் பூட்ட மறக்காதவர்கள், தேதி போட மறந்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் சரிசெய்தால் வேலை. இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள்.

"நீங்கதான் பேப்பர்ல எழுதறீங்களே, ஆபீசருங்கள எல்லாம் தெரியும்ல?"

என் பத்தியைப் படித்துவிட்டு எந்த ஆபீசரும் இதுவரை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே... மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வேலூர் பி.எஃப். ஆபீசில் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். திரையைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"நீங்கதான் வேலையில இருக்கீங்களேம்மா!"

"ஃபேக்டரி பூட்டியிருக்கு சார்."

"கம்ப்யூட்டர்ல தொறந்திருக்கும்மா."

"அப்ப சம்பளத்தையும் கம்ப்யூட்டர்லயே போய் வாங்கிக்கட்டுமா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோச்சுக்காதம்மா. தேதிய நீயே போன்ல போட்டுக்கலாம். ஓ.டி.பி. வரும், அவ்ளோதான்" என்று சொல்லி, ஓ.டி.பி. போகிற நம்பரின் கடைசி நாலு எண்ணைப் படித்தார்.

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது தனபால் சார் நம்பரு!"

தனபால் அவளுடைய லைன் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவளிடம் போன் கிடையாது. பக்கத்து மெஷின்காரியிடமும் கிடையாது. ஃபாரத்தில் கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவார்களே என்று, லைனில் இருந்த நாற்பது பெண்களுக்கும் தனபால் தன் நம்பரையே எழுதிவிட்டார். நாற்பது கணக்கு, ஒரே போன்.

நம்பரை மாற்ற முடியாதா? முடியும். பழைய கம்பெனியின் கையெழுத்து வேண்டும்!

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு மாதம் பில் கட்டாவிட்டால் என் வீட்டு மின்சாரத்தை நிறுத்த நம் அமைப்புக்குத் தெரிகிறது. எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற ஃபேக்டரியிலிருந்து ஒரு பெண்ணை வெளியே விட மட்டும் தெரியாதா? தொழிலாளியைக் காக்கிற சட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. அவை இருக்கட்டும், இன்னும் பலமாகவே இருக்கட்டும். ஆனால் ஓடிப்போனவன் போட வேண்டிய கையெழுத்துக்கு, நிற்கிறவளை அலைய விடுவது என்ன நியாயம்? வேலை இல்லாதவர்கள் சோம்பேறிகள் என்கிறவர்கள், ஒரே ஒரு நாள் ஸ்டெல்லாவோடு பஸ் ஏறிப் பார்க்கட்டும்.

தனபால் விரிஞ்சிபுரத்துக்காரர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஊர் திரும்புகிற வழிதானே என்று இறங்கிவிட்டோம். வழி நெடுக ஸ்டெல்லா அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள். மறுநாள் சனிக்கிழமை.

தனபால் வீட்டில்தான் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பழைய தையல் மெஷினைக் காலால் மிதித்து ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில்தான் போன் கேட்கவில்லை. கழற்றிவைத்த மோட்டார் மூலையில் கிடந்தது.

"வீட்டு கனெக்‌ஷன்ல மோட்டார் போட்டு தொழில் பண்ணக் கூடாதாம் சார். பெரிய பேஜாரு. காலுக்கு கனெக்‌ஷன் கேக்க மாட்டாங்கல்ல?"

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னாள். "நீ பதினேழாவது ஆளு" என்று சிரித்தபடி போனை எடுத்தார். அந்த நம்பரை அவர் விடாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

ஸ்டெல்லாவின் போனில் ஒரு பட்டியல் திறந்தது. வேலையை விட்ட காரணம் என்ன? ஓய்வு. மரணம். நிரந்தர ஊனம். பணி நிறைவு...

"நான் எங்க சார் விட்டேன்? கம்பெனி இல்ல என்னை விட்டுடுச்சு! அது இதுல இல்லியே?"

"செத்துட்டேன்னு மட்டும் போட்டுடாத தாயே. அதுக்கு ஆபீஸ் ஆபீஸா நடந்து உசுரு வாங்கணும். கடைசியா இருக்கறத அமுக்கு."

அமுக்கினாள். அவர் போன் கிணுகிணுத்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பதினாலு வருடம் தையல் அளவு சொன்ன அதே குரலாக இருக்க வேண்டும் — ஸ்டெல்லா நிமிராமலே ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" சொன்னாள். திரை பச்சையானது. அவள் அதிகாரபூர்வமாக வேலை இழந்தாள். ஒரு பெண் வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிளம்பினோம். வாசல்வரை வந்த தனபால் தயங்கினார்.

"ஸ்டெல்லா... திங்கக்கிழமை அங்க போனா, ஆள் எடுக்கறாங்களான்னு எனக்கும் ஒரு வார்த்தை கேளேன்."

"கண்டிப்பா கேக்கறேன் சார். எங்க சூப்பர்வைசர்னு..."

"அது வேணாம்மா. சூப்பர்வைசர்னா வயசு கேப்பாங்க. தெரிஞ்சவரு, நல்லா தைப்பாருன்னு மட்டும் சொல்லு."