வீட்டுக் கணினிக்கு ஒரே நிர்வாகி

எங்கள் வீட்டுக் கணினியில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'வீடு'. என் மனைவியும் நானும் அன்றாட வேலைகளை அதில்தான் செய்தோம். மற்றொன்று நிர்வாகி கணக்கு. அதன் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும். புதிதாக எந்த மென்பொருளைப் போட்டாலும் கணினி அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். அவள் கூப்பிடுவாள், நான் போய்த் தட்டச்சு செய்வேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"திருப்பிக்கினேன். அடிங்க, கலெக்டர் சார்" என்பாள். முதலில் அது கிண்டல். சில வருடங்களில் கிண்டல் போய், திரும்பிக்கொள்வது மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

அவளிடம் சொல்லக் கூடாது என்று நான் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அளவு கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து, முத்திரை வைத்துப் பூட்டுவது என் வேலை. ஒரு பொருளுக்கு ஒருவர்தான் பொறுப்பு என்பது அங்கே விதி. அதை அப்படியே நெமிலிச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவேன். அதற்கு விஜயதசமியை வைத்திருந்தேன், மறக்காது என்பதால். போன வருடம் ஆயுத பூஜையன்று தண்ணீர் மோட்டார், கிரைண்டர், என் பைக், மின்பெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கணினித் திரைக்கு மூன்று பொட்டு, மவுசுக்கு ஒன்று, கீபோர்டின் மேல் வரிசையில் மூன்று. சந்தனத்தைக் கொஞ்சம் நீர்க்கக் குழைத்திருந்தேன். மறுநாள் காலை ஏழே காலுக்கு உட்கார்ந்து புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை அடித்தேன். திரையில் வெறும் கறுப்புப் புள்ளிகள்தானே தெரியும். கணினி ஏற்றுக்கொண்டது. நாட்குறிப்பில் 'கடவுச்சொல் மாற்றப்பட்டது' என்று எழுதினேன். கடவுச்சொல்லை எழுதவில்லை. எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று தொழிற்சாலைப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி பதினோரு வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகு, மாலையில் ஆறு பிள்ளைகளுக்குக் கூடத்தில் டியூஷன் எடுத்துவந்தாள். தீபாவளி முடிந்த வாரம், இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து அவளை அழைத்தார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்துப்போனால் வேலை. அவர்கள் அனுப்பும் மென்பொருளைக் கணினியில் போட்டால், அதிலேயே ஒரு கரும்பலகை இருக்கும், அதில் எழுதி நடத்த வேண்டும்.

திங்கட்கிழமையே என்னிடம் சொன்னாள். "இப்பவே போட்டுக் குடுத்துட்டீங்கன்னா ரெண்டு நாள் எழுதிப் பழகிக்குவேன்."

"வெள்ளிக்கிழமை போடலாம்" என்றேன். அந்த வாரம் எங்கள் பிரிவில் தணிக்கை. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை என்று குறித்தும் வைத்தேன்.

சொன்னபடி ஆறரைக்கு உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை அடித்தேன். தவறு என்றது. பெரிய எழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒவ்வோர் எழுத்தாக, விரலால் தொட்டு வாயால் சொல்லி அடித்தேன். தவறு. எத்தனை முறை என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவது கோட்டுக்குப் பிறகு கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, சற்று நேரம் கழித்து வாருங்கள் என்றது. மறந்தவர்களுக்காக அது கேட்கும் மூன்று கேள்விகள் உண்டு. உண்மையான பதில் வைத்தால் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள் என்று பொய்யான பதில்களை வைத்திருந்தேன். அந்தப் பொய்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஆனால் கடவுச்சொல் எனக்கு மறக்கவில்லை. பத்து எழுத்து, நடுவில் ஓர் ஏழு. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நான் தவறவில்லை என்றால் வேறு யாரோ தவறியிருக்க வேண்டும் என்று என் புத்தி போயிற்று.

"நீ எதையாவது மாத்தினியா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான் என்னத்தங்க மாத்தறது? எனக்குத்தான் உள்ளயே போகத் தெரியாதே. தீபாவளிக்கு வீடு க்ளீன் பண்ணும்போது கீபோர்டுதான் தொடச்சேன். ஏழு விழாம இருந்துச்சு, கொஸ்டின் பேப்பர் அடிக்கும்போது பார்த்தேன். ஊக்கு வெச்சு..."

"கீபோர்டுக்கும் பாஸ்வேர்டுக்கும் இன்னா சம்பந்தம்? தெரியாத விஷயத்துல எதுக்குப் பேசற?"

அவள் நின்றாள். பிறகு, "சரி, நீங்க பாருங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, சிபியூவையும் கீபோர்டையும் ஆவடியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். தன் கீபோர்டை மாட்டி என்னை அடிக்கச் சொன்னார். அதிலும் தவறு என்றே வந்தது.

"அண்ணாத்தே, உன் ஊட்டு வாசல்ல நீயே சாவி இல்லாம நின்னுகினு கீறியே" என்று சிரித்தார். "ஃபார்மட் அடிச்சுடலாம். எல்லாம் போயிடும், ஆனா ஊடு தெறந்துக்கும்."

"உள்ள என் சம்சாரத்தோட கொஸ்டின் பேப்பர் எல்லாம் இருக்கு."

"அப்போ வுட்டுட்டுப் போ. அத்த மொதல்ல காப்பி எட்த்துட்டு, அப்பாலிக்கா போட்டுத் தரேன். நைட்டு ஆயிடும்."

நாலு மணிக்கு வகுப்பு. ராத்திரி திறந்து யாருக்கு என்ன பயன்? வேறு ஒருவர் கையில் விட்டுவிட்டு வரவும் மனம் ஒப்பவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வரும்போது இரண்டு ஐம்பது.

அவள் அதற்குள் போனிலேயே வகுப்பெடுக்கத் தயாராகியிருந்தாள். செல்போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்துவைத்து, பெரிய நோட்டில் தடித்த பேனாவால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குப் பாடம் தொடங்கியது. பின்னங்கள். அவ்வளவு தெளிவாக அவள் நடத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை, ஒருவேளை அதற்கு முன் நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரி எழுதியபின்னும் நோட்டைத் தூக்கிக் கேமரா முன் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு முறை போன் சரிந்து விழுந்தது. "மேம், தெரியலையே... கொஞ்சம் கிட்ட காட்டுங்க... நம்ம போர்டு ஓப்பன் பண்ணலையா?" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிட வகுப்பு பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். கீபோர்டைத் துணியால் துடைக்கும்போது, ஏழாம் எண் பொத்தானைச் சுற்றி மட்டும் ஊக்கு கீறிய தடமும், அதன் ஓரத்தில் காய்ந்த மஞ்சள் துகளும் கண்ணில் பட்டன. சந்தனம். அப்போதுதான் வெள்ளிக்கிழமை அவள் பாதியில் நிறுத்திய வாக்கியம் எனக்குள் முழுதாய் வந்தது. விஜயதசமியன்று அந்தப் பொத்தான் சந்தனத்தில் இறுகிக் கிடந்திருக்கிறது. நான் இரண்டு முறை அழுத்தியும் ஏழு விழவில்லை. என் கடவுச்சொல் ஒன்பது எழுத்தாகத்தான் பதிவாகியிருக்கிறது. அவள் சுத்தம் செய்தபின் ஏழு விழ ஆரம்பித்தது. ஒழுங்காக அடிக்க அடிக்க நான் தவறாக அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழை விட்டுவிட்டு அடித்தேன். திறந்தது. மணி ஒன்பது நாற்பது.

அவள் கீழே வந்ததும், "சரியாயிடுச்சு" என்றேன்.

"எப்படி?"

"ஏதோ கோளாறு. இப்ப ஓகே."

தலையை ஆட்டிவிட்டு, காலி வாளியைக் குளியலறையில் வைக்கப் போனாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அவள் வாயை அடைத்ததும் சேர்ந்து வெளியே வரும். அதனால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை அந்தப் பெண் கூப்பிட்டாள். மனைவியின் கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "மேம், உங்க டீச்சிங் எங்க எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. ஆனா போர்டு யூஸ் பண்றதையும் பார்த்துதான் எடுக்கணும். சிஸ்டம்ல ஏதாவது பிராப்ளமா? அப்படின்னா சொல்லுங்க, மேல பேசிப் பார்க்கறேன்."

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்க அவ்வளவு நேரம் போதும்.

"சிஸ்டம்ல ஒண்ணும் இல்ல மேடம். நான்தான் முன்கூட்டியே ரெடி பண்ணிக்கல. என் தப்புதான்."

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மனைவி மறுபடியும் மாவைப் பிசைந்தாள்.

புதன்கிழமை வரை என்னால் தாங்க முடிந்தது. அன்று மாலை சந்தனத்திலிருந்து ஒன்பது நாற்பது வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இனி அவளும் நிர்வாகி, கணக்கை மாற்றிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணு கேக்கும்போதும் தெரியுமா?"

"தெரியும். நம்பர் குடு, இப்பவே நான் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? பொண்டாட்டி பேசினத காதுல வாங்கலன்னா?" குரல் உயரவே இல்லை. "நேத்தே கூப்பிட்டுப் பார்த்தேங்க. வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

ஐந்து மணிக்கு டியூஷன் பிள்ளைகள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அன்றைக்கும் பின்னங்கள்தான். நான் அறைக் கதவை மூடாமல் உட்கார்ந்து, ஆறரை வரை, அவள் நடத்தியதை முழுவதும் கேட்டேன்.