பாப்பாயி காட்டு ஆள்காட்டி

புதுச்சத்திரத்தில் நாச்சிமுத்துவின் போட்டோ ஸ்டுடியோவும் என் தையல் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று படம் எடுத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் நிம்மதியாக இருந்திருப்பார், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். எழுபத்தைந்தாம் வருசம் வாக்கில் மனுசனுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது.

"கல்யாண ஊட்டுல அத்தன பேரும் என்னயப் பாத்து வெறச்சுக்கிட்டு நிக்கறாங்க டெய்லரே. என்னய மறந்துபோட்டு அதும்பாட்டுக்கு இருக்கற ஒண்ண ஒரு தடவயாச்சும் எடுக்கோணுமுங்க" என்பார். ஆசை அவ்வளவுதான். கேட்கும்போது சின்ன ஆசையாகத்தான் தெரிந்தது.

சேலத்தில் யாரோ கழித்துப்போட்ட நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். அதை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தால் நாரை முதுகைத்தான் காட்டும். வெயில் ஏறினால் தரையிலிருந்து கிளம்பும் அனலில் படம் நெளியும். மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை அமுக்கப் போகும்போது எருமை ஓட்டி வருகிறவர் கரையிலிருந்து சத்தமாகக் குசலம் விசாரிப்பார். காட்டில் கேமரா முக்காலியை நிறுத்தினாலோ போச்சு, நிலத்தை அளக்க வந்துவிட்டார்கள் என்று நாலு பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். அவர்களைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் பறவை வேறு ஊருக்குப் போயிருக்கும். பிலிம் கழுவினால் கிளை இருக்கும், கிளையின் நுனியில் ஏதோ மங்கலாக இருக்கும். "இது குருவியா, காஞ்ச எலயா?" என்று அவர் மனைவி சௌந்திரம் கேட்பார். பாதி நாள் எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்றால், பறவைக்குக் கணக்குத் தெரியாது என்று அவர் கண்டுபிடித்ததால்தான். சோளத்தட்டில் ஆள் உட்காரும் அளவுக்குக் கூண்டு மாதிரி ஒன்று கட்டுவார். அவர் மட்டும் உள்ளே போனால் பறவை கிட்டவே வராது. இரண்டு பேர் போய், ஒருவர் வெளியே வந்து நடையைக் கட்டினால், ஆள் போய்விட்டது என்று நம்பித் திரும்பி வந்துவிடும். உள்ளே போய் உடனே வெளியே வருகிற அந்தப் பெரிய உத்தியோகம் எனக்கு. விடியற்காலையில் சைக்கிளில் போய், கூண்டுக்குள் நுழைந்து, குனிந்தபடியே வெளியே வந்து, நெருஞ்சி முள் குத்தின செருப்போடு திரும்பி வந்து கடையைத் திறப்பேன். வருசக்கணக்காக இதைச் செய்தேன். கேட்டால் வேலையா, வெட்டியா என்று எனக்கே சொல்லத் தெரியாது. அலுத்துப்போய் நின்றுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது.

எண்பத்தோராம் வருசம் சித்திரையில் பாப்பாயி ஆள் சொல்லி அனுப்பினாள். பாப்பாயியும் அவள் புருசன் சென்னியப்பனும் ஊருக்கு மேற்கே மேட்டுக்காட்டில் கடலை போடுகிறவர்கள். கடலை பிடுங்கிச் சும்மா கிடந்த காட்டில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறுந்தரையில் நாலைந்து பொடிக்கல், நடுவில் கல் நிறத்திலேயே நாலு முட்டை. முன்னால் ஒரு கொழுஞ்சிப் புதர். கோடையில் மற்றதெல்லாம் கருகிப்போக, ஆடு கடிக்காத கொழுஞ்சி மட்டும்தான் அந்தக் காட்டில் பச்சையாக நின்றது.

நாங்கள் பார்க்கப் போன அன்று பாப்பாயி ஒரு சங்கதி சொன்னாள். "உச்சி வெயில்ல அது மாட்டுத் தொட்டிக்கு வந்து வயித்த நனச்சுக்கிட்டுப் போவுதுங்க. போயி முட்ட மேல நிக்குது. வெயிலுக்கு முட்ட வேவாம ஈரம் சொட்டுதுங்க. பெத்தவ பண்ற வேலயப் பாருங்க சாமி."

நாச்சிமுத்து அன்று முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை வருசம் தேடினது அதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே கோடை மழை கொட்டியது. முதல் மழைக்கு உழாத காடு அந்தப் பக்கத்தில் கிடையாது. ஈரம் காய்வதற்குள் எல்லோரும் ஏர் பூட்டிவிடுவார்கள். விசயம் போச்சு என்று நாங்கள் ஓடினோம். போய்ப் பார்த்தால் காடெல்லாம் உழுது கிடக்க, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் மண் கலையாமல் இருந்தது. கொழுஞ்சியும் இருந்தது, முட்டையும் இருந்தது. சென்னியப்பன் மாட்டைத் தட்டிக்கொண்டே, "முட்ட இருந்தா சுத்திதானுங்க உழுவோம்" என்றார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

கூண்டைத் தினம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினோம். பறவை பழகிவிட்டது. வயிற்றை நனைத்துக்கொண்டு வரும், நாலு பக்கமும் பார்க்கும், முட்டை மேல் வந்து நிற்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் கொழுஞ்சிக் கிளை குறுக்கே விழுந்தது. கால் தெரிந்தால் முட்டை தெரியாது, முட்டை தெரிந்தால் வயிறு தெரியாது. நாச்சிமுத்துவின் கண் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு. கூண்டுக்குள் உச்சி வெயிலில் உட்கார்ந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தார். "போதுமுங்க, உட்ருங்க" என்று சௌந்திரம் அழுதே விட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் மட்டும் காட்டுக்குப் போய் வந்தார். மறுநாள் காலையில் நான் என் உத்தியோகத்துக்குப் போனபோது முட்டைக்கு முன்னால் தரை வெட்டவெளியாக இருந்தது.

"செடி என்னாச்சுங்க?" என்றேன்.

"புடுங்கிட்டனுங்க. ஸ்டுடியோவுல முன்னால மறச்சா பூச்சாடிய நவுத்தி வெக்கறதில்லீங்களா?"

சரிதானே என்றுதான் எனக்குப் பட்டது. துணியில் பிசிறு நின்றால் நானும் வெட்டுகிறவன்தான். உள்ளே போய் வெளியே வந்து கடைக்குத் திரும்பினேன்.

மதியம் அவர் வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. நேராக இருட்டறைக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் ஈரப்படம். ஆள்காட்டி காலை அகட்டி நின்றது. வயிற்று இறகெல்லாம் திரிதிரியாக நனைந்திருந்தது. ஒரு சொட்டு விழப்போகிறது, இன்னும் விழவில்லை. கீழே நாலு முட்டை. குருவி அவரைப் பார்க்கவே இல்லை. நான் அப்படி ஒரு படத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னை அறியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் பாப்பாயிக்கு விவரம் சொல்ல இருவரும் போனோம். தூரத்திலேயே ஆள்காட்டி கத்துவது கேட்டது. தலைக்கு மேல் வட்டமிட்டு வட்டமிட்டுக் கத்தியது. பாப்பாயி அந்தக் கட்டில் அகல மண்ணருகே நின்றிருந்தாள். பொடிக்கல் இருந்தது. முட்டை ஒன்றுகூட இல்லை. ஓட்டுத் துண்டு கொஞ்சம் கிடந்தது.

"காலைலேயே காக்கா கண்டுக்கிச்சுங்க. நான் ஓடியாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நாளான்னிக்குப் பொரிச்சிருக்குமுங்க" என்றாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஏனுங்க, இந்தக் கொழுஞ்சிய ஆரு புடுங்குனது?"

"நாந்தானுங்க" என்றார் நாச்சிமுத்து.

அவள் திட்டியிருந்தால் தேவலை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எனக்குக் கோபம் யார் மேல் என்று தெரியாமல், திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளைத் திட்டிக்கொண்டு வந்தேன். சென்னியப்பன் மறுநாளே அந்தத் துண்டு மண்ணையும் உழுதுவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கூண்டு மழையில் சரிந்து, சோளத்தட்டை மாடு தின்றது. நாச்சிமுத்து பழையபடி கல்யாணத்துக்குப் போய்வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. விடியற்காலைத் தூக்கம் திரும்பக் கிடைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆடி கழிந்து ஒரு சந்தை நாளில் பாப்பாயி ஸ்டுடியோவுக்குள் வந்தாள். ரவிக்கைத் துணி கொடுக்க என்னிடம் வந்தவள், சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். "அந்தக் குருவி படம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நாச்சிமுத்து தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார்.

வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொடாமல், காற்றிலேயே எண்ணினாள்.

"நாலும் நல்லாத் தெரியுதுங்க சாமி" என்றாள்.

குத்திக் காட்டுகிற பேச்சு அவளுக்கு வராது. மனதாரத்தான் சொன்னாள். நாச்சிமுத்து படத்தைத் திரும்ப வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தார். அவளுக்கு டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனவர், டீ வந்த பிறகும் நெடுநேரம் ஸ்டுடியோவுக்குத் திரும்பவில்லை.