கணக்கில் வராத கோல்

ஹொக்கி ஆட்டத்தில் அம்பயரைத் திட்டாமல் என்னால் இருக்க முடியாது. கண்டியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்துவிட்டு, சனிக்கிழமை மைதானத்துக் கோட்டோரம் நின்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பாள் என் மனைவி. நான் சொன்னதில்லை. பாவம் அம்பயருடையது என்பது என் கட்சி.

எங்கள் அணி கிளாக்கர்மாரும் வாத்தியார்மாரும் இரண்டொரு கடைக்காரர்களும் சேர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்போடு ஆடுவோம். மைதானம் அவர்களுடையது, பந்து அவர்களுடையது, இரண்டு பக்கத்து அம்பயர்களும் அவர்களுடைய ஆட்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. எங்கள் ஆள் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உடனே விசில். அவர்கள் தூக்கினால் அம்பயருக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிடும். எத்தனையோ வருடம் ஆடியும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அந்த வருடம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. இரண்டு கிளாக்கர் இருந்த தோட்டங்களில் ஒருவரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த என் தம்பியை மாத முடிவில் ஊவா மலையுச்சியில் இருந்த வேறொரு தோட்டத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு மட்டையை ஊன்றி நிற்கச் சமதரை கிடையாது. எங்கள் அணியில் வலது ஓரத்து முன்வரிசைக்காரன் அவன். பந்து அவன் மட்டைக்கு வந்துவிட்டால் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் அவனுக்கென்றே ஓட வேண்டியிருக்கும். ஆட்டத்துக்கு முன் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட உட்கார்ந்ததும் அதைத்தான் பேசினான்.

“அண்ணே, ஒரு தடவையாவது அவங்கள ஜெயிச்சிட்டுப் போயிரணும்.”

மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் சோறு ஆறும்வரை துரைமாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இடைவேளைக்கு முன்பே அவன் ஒரு கோல் போட்டான். அதன் பிறகு வெகுநேரம் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில்தான் எங்கள் கப்டனுக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து மனிதர், எதையும் பத்திரப்படுத்திப் பழகியவர். என் தம்பியைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ பின்னுக்கு வந்து நில். இனிக் கோல் அடிக்கத் தேவையில்லை. அவங்களை அடிக்க விடாமல் பாத்தால் காணும்.”

“ஐயோ, வேணாங்க! அவனை முன்னாலயே விடுங்க!” என்று கத்தினேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. தம்பி பின்னால் வந்து நின்றான். அவனுக்காகக் காவல் நின்ற இரண்டு துரைமாரும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி எங்கள் பக்கம் பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் காலில் பந்து பட்டது, ஹொக்கியில் அது பவுல். சத்தம் எனக்கே கேட்டது. விசில் மட்டும் வரவில்லை. அடுத்த அடியில் பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தத் தாழியைக் கப்டனே தூக்கிப் போட்டு உடைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்பயரைத் திட்டுவதா இவரைத் திட்டுவதா என்று தெரியாமல் இருவரையும் மாற்றி மாற்றித் திட்டினேன்.

கப்டன் மறுபடி அவனை முன்னுக்கு அனுப்பினார். நான் துரைமாரின் கோலுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றேன். அந்தப் பக்கத்து அம்பயர் என் தம்பி வேலை செய்த தோட்டத்துப் பெரிய துரை. கடைசி விசில் எப்போது வருமோ என்றிருந்த நேரத்தில், கோலுக்கு முன்னாலிருக்கிற வட்டத்துக்கு வெளியே நின்று கப்டன் ஓங்கி ஓர் அடி அடித்தார். வெளியிலிருந்து அடித்த பந்து நேராக உள்ளே போனால் கோல் இல்லை. வட்டத்துக்குள் எங்கள் ஆள் ஒருவரின் மட்டை அதைத் தொட வேண்டும். தம்பி குறுக்கே பாய்ந்து மட்டையை நீட்டினான். பந்து அவன் மட்டையில் பட்டு, திசை மாறி, கோல் காப்பவரின் காலுக்கடியால் உள்ளே போனது. என் கண்ணால் பார்த்தேன்.

விசில் கேட்டது. துரை ஓடி வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரின் முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் முகத்திலேயே சந்தேகம் இருந்தது. என் தம்பியைப் பார்த்து இங்கிலீசில் கேட்டார்:

“வெளியிலிருந்து நேராகப் போன பந்து, அப்படித்தானே?”

“யெஸ் சேர்” என்றான் என் தம்பி.

கோல் இல்லையென்று துரை கையை வீசினார். எனக்குக் கத்த வரவில்லை. “உனக்கென்ன விசரோ? உன்ரை மட்டையிலைதானே பட்டது!” என்று கப்டன் கத்தினார். தம்பி தன் மட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்தைத் திரும்ப ஆட்டத்தில் விடவும் நீண்ட விசில் வரவும் சரியாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று, வெற்றி தோல்வி இல்லை.

ஆட்டத்துக்குப் பிறகு கூடாரத்தில் தேத்தண்ணீர். அங்கே பெரிய துரை எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, என் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தன் அணி தோற்றாலும் உண்மை பேசுகிறவனே உண்மையான விளையாட்டுக்காரன், இப்படியொரு நேர்மையான ஆள் தன் ஆபீசில் இருந்தது தனக்குப் பெருமை என்றார். அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். துரைமார் எல்லோரும் கைதட்டினார்கள். துரைசானிமாரும் தட்டினார்கள். தம்பி சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “தேங்க் யூ சேர்” என்றான். எங்கள் ஆட்கள் ஒருவரும் கைதட்டவில்லை. கப்டன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கலஹா பஸ் நிற்கிற இடம்வரை அவனோடு நடந்தேன். அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவனே பேசினான்.

“பந்து என் மட்டையில பட்டுச்சுண்ணே. வட்டத்துக்கு உள்ளதான்.”

“தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். பின்ன ஏன்டா அப்படிச் சொன்ன? அவருக்குப் பயந்தியா?”

“பயமெல்லாம் இல்லண்ணே.” மட்டையை மறு கைக்கு மாற்றினான். “காலையில ஆபீசுக்கு வருவாரு. ‘இன்னைக்குக் கொழுந்து கொறைவு, அப்படித்தானே’ம்பாரு. ‘மழை வரப்போகுது, அப்படித்தானே’ம்பாரு. நான் யெஸ் சேர்ம்பேன். வேலைக்குச் சேந்த நாள்லருந்து அப்படித்தான்.”

பஸ் வந்து நின்றது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறப் போனவன் படியில் நின்று திரும்பினான்.

“இன்னைக்கு அவரு என்கிட்ட நெசமாவே கேக்குறாருன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே” என்றான்.