எழுதாமல் விட்ட இருபத்து நாலாவது பந்து

கல்லூரி நாட்களில் நான் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவதுதான் என் வேலை. ஆறு ஆண்டுகள் எழுதினேன். ஓர் ஓட்டம்கூடப் பிழைத்ததில்லை என்று இன்றும் சொல்வேன்; கேட்க ஆள்தான் குறைந்துவிட்டது. பாரிசில் எங்கள் பழைய மாணவர்கள் கால்பந்து அணி ஒன்று சேர்த்தபோது, எதிரணியை முன்கூட்டியே பார்த்து அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கால்பந்து எனக்குத் தெரியாது என்றேன். "எண்ணத் தெரியும்தானே, காணும்" என்றார்கள். அவர்களுக்கு அதுவே போதுமாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிசின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகளை அப்போது இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அங்கே ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் எங்கள் கல்லூரிக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை நடத்தினார். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மாலை அதன் பின்னறையில் அணிக் கூட்டம் நடக்கும். பதினாறு பேர், உட்கார ஒன்பது கதிரைகள். நான் எப்போதும் கால் மணி நேரம் முன்னதாகவே போய் ஒரு கதிரையைப் பிடித்துவிடுவேன்.

எங்கள் எதிரணி, ஊரில் எங்களுக்கு ஏழு மைல் தள்ளிக் கடற்கரையோரம் இருந்த கல்லூரி. ஆண்டுக்கு ஒரு முறை அவர்களோடு கால்பந்து ஆடுவோம். கிரிக்கெட்டில் நாங்கள் அவர்களை வெல்வதும், கால்பந்தில் அவர்கள் எங்களைப் பிழிந்தெடுப்பதும் வழக்கம். அவர்களும் பாரிசில் அணி சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மூன்று வாரத்தில் ஆட்டம் என்று முடிவாயிற்று.

அந்த ஆட்டம் எங்களில் ஒருவருக்கு ஆட்டம் மட்டும் அல்ல. எங்கள் அணியைச் சேர்த்தவர் அவர். ரைற் பெக், அதாவது வலப் பக்கத்தில் பின்னே நின்று, எதிரணியின் இடப் பக்க ஓட்டக்காரனை மறிக்கிறவர். கல்லூரியில் அவருடைய கடைசி ஆண்டில் அவர்தான் கால்பந்துக் கப்டன். அந்த ஆண்டு ஊரடங்குச் சட்டம் வந்து ஆட்டம் நடக்கவில்லை. அதன் பிறகு அவருக்குக் கல்லூரியும் இல்லை, ஊரும் இல்லை. பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நிலவறைப் படியில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. வயது முப்பதுக்குச் சற்று மேல். ஆனால் படி ஏறும்போது பார்த்தால் என்னைவிட மூத்தவர் போலிருக்கும். எதிரணியின் லெப்ற் விங்கில், அதாவது அந்த இடப் பக்கத்தில், வேகமான ஆள் இருந்தால் இவரை வெளியே வைத்துவிட்டு வேறு ஒருவரைப் போடுவது என்று எங்கள் அணிச் செயலாளர் சொல்லியிருந்தார். அந்த வேகத்தை அளந்து சொல்ல வேண்டியவன் நான்.

சனிக்கிழமை மத்தியானம் ரைற் பெக் என் அறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேளும்."

"அவங்கட லெப்ற் விங் வேகமான ஆளெண்டால்... கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோவன்."

"எவ்வளவு குறைக்கிறது?"

நான் கேலியாகத்தான் கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "ஒரு கால்வாசி?"

"வேறை ஆரும் கேட்டிருந்தால் இந்த ஸ்கோர் கொப்பியாலையே அடிச்சிருப்பன். நாளைக்கு நீரும் வாரும். ரெண்டு பேருமாப் பாப்பம்."

மறுநாள் மத்தியான வேலையை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று திரான்சியில் எங்கள் எதிரணிக்கும் அங்குள்ள புதுச்சேரிக்காரர் அணிக்கும் ஆட்டம். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் திரான்சி நாலாவது தரிப்பு. மாசி மாதக் காற்று காதை அறுத்தது. டிக்கெட்டை நான் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எதிரணிக்காரர் என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டிருந்தேன்.

"அதைக் கழட்டுங்கோ அண்ணை. உந்தத் தொப்பியாலதான் எல்லாரும் எங்களைப் பாக்கினம்."

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு நடுவில் போய் நின்றோம். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பியில், கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் போடுவதுபோலவே கட்டங்கள் கீறியிருந்தேன். வேறு முறை எனக்குத் தெரியாது. லெப்ற் விங்குக்கு வரும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கட்டம். மறிப்பவரைக் கடந்து வெளிப்பக்கமாகப் போனால் ஒரு கோடு. உள்ளே வெட்டினால் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி. பந்தைப் பறிகொடுத்தால் புள்ளி. அடியில் சிறிதாக, பந்தைக் கொடுத்தவரின் முதலெழுத்து.

பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா' என்று பிறகு அவரே சொன்னார்.

"என்ன முசியே, போலீசா? என்ன எழுதுறீங்க?"

"எண்ணுறன்."

"என்னத்த?"

"பந்தை."

"இருக்கிறதே ஒரு பந்து, முசியே!"

அவருடைய மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. நல்ல வேளையாக அப்போது ஆட்டம் தொடங்கிவிட்டது.

லெப்ற் விங்கில் நின்றவனைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒல்லியான, குட்டையான ஆள். காற்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. உள்ளங்கைகளைக் கக்கத்தில் வைத்துக் குளிரில் துள்ளிக்கொண்டிருந்தான். அவனை மறிக்க நின்ற புதுச்சேரிப் பையன் ஆறடி உயரம். தபால்காரராம். "நம்ம பையன் சைக்கிள்லயே பறப்பான்" என்றார் சொல்தா.

முதல் பந்து அவனிடம் வந்தது. தபால்காரர் பாய்ந்தார். அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை, தபால்காரருக்கும் தெரியவில்லை. அவன் ஏற்கெனவே மூலைக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தான். ஒரு கோடு போட்டேன். அடுத்ததும் கோடு. அடுத்தது புள்ளடி, கோல். அவன் ஓடுவது ஓட்டமாகவே தெரியவில்லை. அவன் நிற்கும்போது மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அவன் போன பிறகுதான் அவர்களுக்குக் கால் இருப்பது நினைவுக்கு வந்தது. சொல்தா முதலில் "ஓ லா லா" என்று தலையில் கை வைத்தார். அரை மணி நேரத்தில் தபால்காரரை மறந்துவிட்டு, "ஆலே! ஆலே!" என்று எதிரணிக்காரனுக்குக் குரல் கொடுத்தார். மனைவி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார்.

இடைவேளைக்குப் பிறகு நடந்த ஒன்றை இந்த வயதிலும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எதிரணியின் கோலி, அதாவது கோல் காப்பவன், நீளமாக ஒரு பந்தை உதைத்தான். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அறுபது எட்டு வைக்கும் தூரத்துக்குக் குறையாது. லெப்ற் விங்காரன் பந்துக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவேயில்லை. பந்து தோளுக்கு மேலால் இறங்கியபோது, கொதித்த பாலின் ஆடையை விரலால் எடுப்பதுபோல் காலால் எடுத்தான். சத்தமே இல்லை. தபால்காரரின் கால்கள் இரண்டும் இரண்டு திசைக்குப் போயின. அடுத்தவர் வந்தார், அவரும் போனார். புதுச்சேரிக் கோலி முன்னால் ஓடி வந்தார். இவன் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றான். சும்மா நின்றான். காத்திருக்க முடியாமல் கோலி விழுந்தார். விழுந்தவரைச் சுற்றி நடந்துபோய் பந்தை உள்ளே வைத்தான்.

மைதானத்தில் இரண்டு பக்கத்தாரும் கை தட்டினார்கள். என் பென்சில் வாயில் இருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று பந்துகள். கோடு பதினேழு, புள்ளடி நாலு, புள்ளி இரண்டு. கோல் மூன்று என்று தலைப்பில் குறித்தேன். எங்கள் ரைற் பெக் அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு சொல் பேசவில்லை. ரயிலில் நாலு தரிப்பும் பேசவில்லை. ஆள் மனம் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டதைத் திருப்பிக் கேட்காமல் இருந்ததே எனக்குப் பெரிய உதவியாகப் பட்டது.

திங்கள் காலை அறிக்கையை எழுதினேன். மூன்று பக்கம். "இவனுடைய வேகத்துக்கு எங்கள் அணியில் ஒருவரும் ஈடில்லை" என்ற வரியை எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். கால்வாசி குறைத்தால் எப்படி இருக்கும் என்றும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அந்த ஆள் வேறு யாரோவாக இருந்தான். தாளைக் கிழித்துப் போட்டேன்.

மாலையில் பின்னறையில் உரக்க வாசித்தேன். முடிந்ததும் செயலாளர் கையைத் தட்டினார். அவருக்குப் பயண முகவர் நிலையத்தில் வேலை. ஆட்களை ஏற்றி இறக்குவது பழகிப்போனவர்.

"அப்ப முடிஞ்சுது. ரைற் பெக்குக்கு வேகமான ஆளைப் போடுவம். கப்டன் கரையில இருந்து சத்தம் போடட்டும். தொண்டையில வருத்தம் இல்லைத்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். கதிரை கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நின்ற எங்கள் ரைற் பெக் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணை, அந்த நாலு புள்ளடியும் ஆர் குடுத்த பந்து எண்டு பாருங்கோ."

கொப்பியைப் புரட்டினேன். முதல் புள்ளடியின் அடியில் 'கோ'. இரண்டாவதன் அடியில் 'கோ'. மூன்றாவதும், நாலாவதும்.

"கோலி" என்றேன். "நாலும் கோலி."

"கோடு போட்ட பதினேழில கோலி எத்தினை?"

ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். "ஒண்டும் இல்லை."

"அஞ்சாவது புள்ளடி ஒண்டு இருக்கு, அதையும் போடுங்கோ. அந்த நடந்துபோய்ப் போட்ட கோல். நீங்கள் வாய் பாத்துக்கொண்டு நிண்டியள், எழுதேல்லை."

அறையே சிரித்தது. நான் பென்சிலை எடுத்து இருபத்து நாலாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன். ஆறு ஆண்டு ஸ்கோர் எழுதியவன் விட்ட முதல் பந்து அது.

அவர் சுவரை விட்டு நகர்ந்து வந்தார். மேசையிலிருந்த இரண்டு தேநீர்க் கிளாசுகளை இழுத்து வைத்தார். "பின்னால இருந்து தோளுக்கு மேலால வாற பந்தை அவன் வலது காலிலதான் எடுக்கிறான். அந்தக் காலில எடுத்தால் உள்ளுக்குத்தான் திரும்பலாம். மற்றப் பந்தெல்லாம் இடது கால், வெளியால போவான். வெளியால போனால் போகட்டும், விடுங்கோ. பதினேழு தரம் போனவன், ஒரு கோல் போட்டவனே? மூண்டு கோலும் உள்ளுக்கால போட்டது. கோலி உதைக்கேக்கை நான் ரெண்டு எட்டு உள்ளுக்கு நிண்டால் போதும். ரெண்டு எட்டு வைக்க என்ர முழங்கால் காணும்."

நான் ஒன்றரை மணி நேரம் எண்ணினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். என் கொப்பியில் இருந்த விஷயம்தான். எழுதிய எனக்கு அது தெரியவில்லை. லெப்ற் விங்காரனைப் பார்த்து மலைத்த நான், அந்த அறையில் இரண்டாவது முறையாக மலைத்துப்போய் இருந்தேன்.

செயலாளர் கிளாசுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முழங்கால் இழுத்துதெண்டால் இறக்கிப்போடுவன்."

"இறக்குங்கோ."

"கூப்பிட்டால் வரவேணும்."

"வருவன்."

சென் தெனியில் நகரசபை மைதானம் ஒன்றில் ஆட்டம் நடந்தது. முதற் பாதியில் எதிரணிக் கோலி நாலு பந்தை நீளமாக உதைத்தான். நாலு முறையும் எங்கள் ரைற் பெக் பந்து வருமுன்பே இரண்டு எட்டு உள்ளே வந்து நின்றார். முதல் முறை லெப்ற் விங்காரன் நேராக வந்து அவர் மேல் மோதினான். பந்து இவர் காலில் இருந்தது. அவன் நிமிர்ந்து இவருடைய முகத்தைப் பார்த்தான். வெளிப்பக்கமாக அவன் ஒன்பது முறை கடந்தான். இவர் ஒரு முறைகூடத் துரத்தவில்லை. இடைவேளையில் நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் இருந்தோம். கடற்கரைக் கல்லூரிக்கு எதிராக அப்படி இருந்ததை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

இடைவேளைக்குப் பிறகு அவன் தோளுக்கு மேலால் வந்த பந்தை இடது காலில் எடுத்தான். முதல் தடவை பந்து துள்ளி வெளியே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே, முக்கால் மணி நேரத்துக்குள், புதிதாக ஒரு கால் செய்துகொண்டான். இரண்டு கோல் போட்டான். தோற்றோம்.

கடைசி இருபது நிமிடம் எங்கள் ரைற் பெக் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். செயலாளர் கோட்டோரம் நின்று மூன்று முறை கை காட்டிக் கூப்பிட்டார். அவர் மூன்று முறையும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது முறை கை உயரவில்லை. செயலாளர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாரும் உடை மாற்றப் போன பிறகும் அவர் தன்னுடைய இடத்திலேயே புல்லில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. கூப்பிடப் போனேன். அந்த லெப்ற் விங்காரனும் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு அங்கே வந்தான்.

"அண்ணை, நான் உள்ளுக்குத்தான் வருவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"சொன்னால் திருத்திப்போடுவாய்."

"திருத்திப்போட்டனே!"

"ஓம், நாசமாப் போவானே, திருத்திப்போட்டாய்."

இருவரும் சிரித்தார்கள். பஸ் போகிற சத்தம் கேட்டது. அடுத்ததற்கு நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அல்லவா. அவர் எழும்ப முயன்றார், கால் கேட்கவில்லை. அவன் சப்பாத்தைப் போட்டுவிட்டு ஒரு கையைப் பிடித்தான். நான் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறு கையைப் பிடித்தேன். மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார்.