பக்கத்து அறையில் சிங்களம்: கம்பம்மெட்டில் இரண்டு நாள்

ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்றுதான் ஜனவரியில் கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டுக்குக் கிளம்பினோம். நானும், பொள்ளாச்சிப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் வாசுகியும். அட்டைக் கடிக்கு அஞ்சுகிறவர்கள் மழைக்காலத்தில் போகாதீர்கள்.

வாசுகியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வவுனியாவில் பிறந்தவள். ஏழு வயதில் படகேறி வந்து, இங்கே முகாமில் வளர்ந்தாள். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் சிங்கள ஊரான குருநாகலில் பேக்கரி வைத்திருந்தவர். சிங்களம் சரளமாகப் பேசுவார், சிங்களப் பாட்டென்றால் உயிராம். கலவரத்தில் கடையை எரித்த பிறகு வீட்டில் அந்த மொழியே கேட்கக்கூடாது என்றாகிவிட்டது. வாசுகி அறிந்த சிங்களம் ராணுவச் சோதனைச்சாவடியில் கேட்டது மட்டும்தான்.

வேலந்தாவளத்தில் என் வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்குக் காரை எடுத்தோம். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி வழியாகக் கம்பம். சுமார் 240 கிலோமீட்டர். கம்பத்திலேயே சாப்பிட்டுவிட்டு மலையேறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் விர்ரென்று இறங்கும். ஹாரன் அடித்துக்கொண்டே ஏற வேண்டும்.

நாங்கள் தங்கியது ஸ்டெல்லாவும் அவர் கணவர் அந்தோணியும் நடத்தும் வீடு. காலை, இரவு உணவோடு அறைக்கு நாளொன்றுக்கு 1,800 ரூபாய்.

"வாங்கக்கா, சுடுதண்ணி போட்ருக்கேன்," என்றார் ஸ்டெல்லா. "பக்கத்து ரூம்ல சிலோன்காரங்க இருக்காங்க. தங்கமான ஆளுங்க."

மாத்தளைப் பக்கம் ஏலம் பயிரிடும் கணவன் மனைவியாம், சோமபாலவும் குசுமாவும். இங்கே காய் உலர்த்தும் விதத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

சாயங்காலம் வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து அறையிலிருந்து குசுமா போனில் பேசுவது கேட்டது. சிங்களம். வீட்டாரோடு பேசுகிற சாதாரணப் பேச்சுதான், நடுவே சிரிப்பு. வாசுகி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னால இங்க இருக்கேலாது," என்றாள்.

எங்களோடு எங்களைப் போலவே பேசுகிறவள். அவள் ஊர்த் தமிழ் வெளியே வந்தால் மனசு கலங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். இரவு சாப்பிட வரவில்லை. நான் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பனி எறங்கிருச்சு, இப்ப வண்டி எடுக்காதீங்கக்கா. காலையில நெடுங்கண்டத்துல வேற ரூம் பாத்துத் தாறோம்," என்று சொல்லி, தட்டை அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தோட்டத்துப் பாதையில் எங்கள் கார் ஏறாது, காலையில் இருந்தது அந்தோணியின் ஒரே ஜீப். முதலில் சோமபாலவையும் குசுமாவையும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கூட்டிப்போய், அப்படியே எங்களுக்கு அறை காட்டுவதாக ஏற்பாடு. சோமபால முன்னால் ஏறினார். பின்னால் நாங்கள் மூன்று பெண்கள். வாசுகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தோணி பழைய தமிழ் சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிட்டார். இரண்டாவது அடியிலேயே குசுமா கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார். சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. வாசுகி திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்னதுல பக்கத்துத் தோட்டத்து லயத்துல இருந்த தமிழ்ப் பிள்ளைகளோட பாடினது," என்றார் குசுமா. "அண்ணன் ஆமியில சேந்து சண்டைக்குப் போனாரு. திரும்பி வரல்ல. அதுக்குப் பொறகு தமிழ்ப் பாட்டு வந்தா அம்மா ரேடியோவ நிப்பாட்டிருவாங்க. நான் கெணத்தடியில போயி மெதுவா பாடுவேன்."

அந்தோணி ஒலியைக் குறைத்தார்.

"எங்கட அப்பாவும் நிப்பாட்டுவார்," என்றாள் வாசுகி. "சிங்களப் பாட்டை."

குசுமா தலையை ஆட்டினார். ஸ்டோரில் வாசுகியும் குசுமாவும் சூடான ஏலக்காயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளம்பும்போது அந்தோணி, "நெடுங்கண்டம் போவோமாக்கா?" என்று கேட்டார். "வேண்டாம், உங்க வீட்டுக்கே போங்க," என்றாள் வாசுகி.

அன்று இரவு குசுமா ஸ்டெல்லாவின் அடுப்படியில் தேங்காயும் வரமிளகாயும் சேர்த்துச் சம்பல் இடித்தார். அடுத்த நாள் காலை தேங்காய்ப்பாலில் குழைந்த பால்சோறு. புது வருஷத்துக்கும் புதுக் காரியத்துக்கும் அது சிங்களவர் வழக்கமாம். அவர்களைப் பற்றிப் போர்ச் செய்தி தவிர எனக்கும் எதுவும் தெரியாது என்பது அதைச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஒரு ஜனம் எதைச் சமைக்கும், எதைப் பாடும் என்பதெல்லாம் அந்தச் செய்திகளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டிருந்தது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். ஜீப்புக்கு அரை நாளைக்கு 1,200 கேட்கிறார்கள். ஏலக்காயைச் சாலையோரம் வாங்காமல் ஸ்டோரில் வாங்குங்கள், காய் பெரிதாகப் பச்சையாக இருக்கும். மற்ற அறைகளில் யார் தங்கியிருந்தாலும் ஒருவேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

இதை எழுதட்டுமா என்று வாசுகியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதே. பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்னு எழுது. சம்பல் ரெண்டு தடவ வாங்கிக்கிட்டேன், அதையும் எழுது."